மனைவிக்குக் கொடுக்க முடியாத முத்து

ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதிய சீசரின் வாழ்க்கை வரலாற்றில் போகிற போக்கில் ஒரு வாக்கியம் வருகிறது. சீசர் மற்ற எல்லாப் பெண்களையும்விட அதிகமாக நேசித்தது மார்க்கஸ் புரூட்டஸின் தாயார் செர்விலியாவை, முதல்முறை கான்சலாக, அதாவது ரோமின் உச்சப் பதவியில், இருந்தபோது அவருக்கு 60 லட்சம் செஸ்டர்ஸ் காசுக்கு ஒரு முத்து வாங்கிக் கொடுத்தார். அவ்வளவுதான். முத்து எத்தனை பெரியது, எந்தக் கடலில் விளைந்தது, யாரிடம் வாங்கினார், கையில் வாங்கிப் பார்த்த செர்விலியா என்ன சொன்னார், எதுவும் இல்லை. விலை மட்டும் இருக்கிறது.

இந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் பல வருடங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், என் தாத்தா 1950களில் நடந்த சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், தோணியில் கயிறு பிடித்தவர், அதனால் முத்து என்று எங்கே எழுதியிருந்தாலும் கண் அங்கே போய் நின்றுவிடும். ஆனால் என்னைப் பிடித்து இழுத்தது முத்து மட்டும் இல்லை, அந்த வாக்கியத்தில் விலையும் நேசமும் ஒட்டிக்கொண்டு வருகிற விதம். ரோமர்கள் காதல் பரிசுகளைப் பற்றி நிறையவே எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர் பெரும்பாலும் திட்டுகிற ஆள், எழுதப்பட்ட பரிசு பெரும்பாலும் கல்யாணத்துக்கு வெளியே கொடுக்கப்பட்டது. இது ஏன் என்று தேடிப்போனபோதுதான் அவர்களுடைய சட்டத்தில் ஒரு அழகான, எனக்கு இன்னும் ஆறாத ஒரு விஷயம் கிடைத்தது. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் அந்த விலை.

ரோமச் சிப்பாய்க்குச் சீசர் பிற்காலத்தில் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார். அப்படி ஏற்றிய பிறகும் வருடத்துக்கு 900 செஸ்டர்ஸ்தான். 60 லட்சத்தை 900ஆல் வகுத்துப் பாருங்கள், 6,600 சிப்பாய்களுக்கும் மேலே ஒரு வருடச் சம்பளம் வரும். ஒரு லீஜியன் படையில் சுமார் 5,000 பேர். ஆக, ஒரு முழுப் படைக்கும் ஒரு வருடத்துக்குப் படியளந்து மிச்சமும் வைக்கக்கூடிய பணம் ஒரு பெண்ணின் கைக்குள் மூடிக்கொள்ளும் அளவிலான பொருளாக மாறியது. கி.மு. 61இல் ஸ்பெயினுக்கு ஆளுநராகக் கிளம்பும்போது கடன்காரர்கள் சீசரை விடமாட்டேன் என்று நின்றார்கள், பெரும் பணக்காரர் கிராஸ்ஸஸ் 830 டாலந்துக்கு ஜாமீன் நின்ற பிறகே வழிவிட்டார்கள். ஏறத்தாழ 2 கோடி செஸ்டர்ஸ். இரண்டே வருடத்தில், கி.மு. 59இல், அதே ஆள் இந்த முத்தை வாங்குகிறார். அந்த வருடம் எகிப்து மன்னர் பன்னிரண்டாம் டாலமியிடமிருந்து, அதாவது கிளியோபாட்ராவின் தகப்பனாரிடமிருந்து, சீசரும் தளபதி பாம்பேயும் தங்கள் இருவர் பெயரில் மட்டும் 6,000 டாலந்து பிடுங்கினார்கள் என்று சூட்டோனியஸே இன்னொரு இடத்தில் சொல்கிறார். பணம் எந்த வழியில் வந்திருக்கும் என்று ஊகிக்க இது போதும்.

செர்விலியாவைச் சும்மா ஒரு ஆசைநாயகி என்று நினைத்துவிடக் கூடாது. ரோமின் மிகப் பழைய பெருங்குடி ஒன்றில் பிறந்தவர், சீசரின் ஜென்ம விரோதியான கேட்டோவுக்குத் தாய் வழியில் அக்கா. முதல் கணவரைப் பாம்பே கொன்றார். இரண்டாவது கணவர் சிலானஸ். கி.மு. 63 டிசம்பரில் அரசைக் கவிழ்க்கப் பார்த்த கேட்டிலினாவின் சதிகாரர்களை என்ன செய்வது என்று செனட்டில் விவாதம் நடக்கிறது. சீசர் ஒரு பக்கம், கேட்டோ எதிர்ப்பக்கம். நடுவே சீசருக்கு ஒரு சின்னக் கடிதம் வருகிறது. சதிகாரர்களிடமிருந்துதான் என்று சந்தேகப்பட்ட கேட்டோ அதைச் சபையில் படிக்கச் சொல்லிக் கத்துகிறார். சீசர் ஒன்றும் பேசாமல் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறார். பிரித்துப் பார்த்தால் தன் சொந்த அக்கா எழுதிய காதல் கடிதம். "பிடி, குடிகாரா" என்று திருப்பி எறிந்தார் கேட்டோ, இது கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்வது. அன்றைக்கு அந்தச் சபையில் முதல் ஆளாக எழுந்து பேசியவர் அடுத்த வருடக் கான்சலாகத் தேர்வாகியிருந்த சிலானஸ், செர்விலியாவின் கணவர். இதைப் படித்த அன்று அவருக்காக எனக்கு நெஞ்சு வலித்தது.

முத்து வாங்கிய கி.மு. 59இலேயே சீசர் இன்னொன்றும் செய்தார். கல்பூர்னியாவைக் கல்யாணம் செய்துகொண்டார். புது மனைவிக்கு என்ன வாங்கிக் கொடுத்தார் என்று எவரும் எழுதவில்லை.

சரி, இப்போது அந்தச் சட்டம். கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உல்பியன் என்ற சட்ட அறிஞர் எழுதுகிறார்: கணவன் மனைவிக்கோ மனைவி கணவனுக்கோ கொடுக்கும் அன்பளிப்பு செல்லாது, இது நம்மிடம் வழக்கமாக ஏற்கப்பட்டுவிட்டது. கொடுக்கக் கூடாது என்பதில்லை, கொடுத்தாலும் கொடுத்ததாக ஆகாது. நகையை மனைவி கழுத்தில் போட்டுவிடலாம், அவர் வாழ்நாள் முழுக்க அணியலாம், ஆனால் சட்டத்தின் கண்ணில் அது கணவனுடையது. கேட்டால் திருப்பித் தர வேண்டும்.

ஏன் இப்படி? பெண்ணுக்குச் சொத்து போகக் கூடாது என்ற எண்ணம்தான் காரணமாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். உல்பியன் சொல்லும் காரணம் வேறு. ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்பினால், அளவு தெரியாமல் வாரிக்கொடுத்து, இருவரும் ஒருவரையொருவர் வெறுங்கையாக்கிவிடக் கூடாது என்பதற்காகவாம். இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். உலகத்தையே அடித்துப் பிடித்த ஒரு சாம்ராஜ்யத்தின் சட்டப் புத்தகத்தில், கணவன் மனைவி அன்பு கட்டுக்கடங்காதது, அதற்கு ஒரு அணை வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இதோடு இன்னொரு பழைய சட்ட அறிஞர், செக்ஸ்டஸ் கெசிலியஸ், சேர்க்கும் காரணமும் உண்டு: பரிசு செல்லும் என்று விட்டுவிட்டால், கொடுக்க வசதியுள்ளவர் கொடுக்கவில்லை என்பதற்காகவே கல்யாணங்கள் உடையும், கல்யாணம் என்பது விலைக்கு வாங்குகிற சரக்காகிவிடும். முதல் காரணம் அன்புக்குப் பயந்தது, இரண்டாவது பேராசைக்குப் பயந்தது. ஒரே வீட்டுக்குள் இரண்டும் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, கல்யாணம் ஆன யாருக்குத்தான் தெரியாது.

எல்லையில் சில சலுகைகள் உண்டு. மார்ச் முதல் தேதி கல்யாணமான பெண்களுக்கான விழா, அன்றைக்கும் பிறந்தநாளுக்கும் கணவன் கொடுக்கும் சின்னப் பரிசை யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் அளவு மீறினால் அதுவும் செல்லாது. கி.பி. 206இல் செவெரஸ் பேரரசர் காலத்தில் இன்னும் கொஞ்சம் தளர்த்தினார்கள்: கொடுத்தவர் மனம் மாறாமலே இறந்துபோனால் பரிசு நிலைத்துவிடும். அதாவது மனைவியின் கழுத்தில் இருக்கும் நகை முழுவதுமாக அவருடையதாக ஆவது கணவன் செத்த அன்றைக்கு. உயில்களில் "மனைவிக்காக வாங்கியவை எல்லாம் மனைவிக்கே" என்று எழுதிவைக்கும் வழக்கமே இருந்தது, அந்த வரிக்குள் எந்தெந்த நகை அடங்கும் என்று சட்ட அறிஞர்கள் பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறார்கள். முத்து, ரத்தினக்கல் வகையில் சேருமா சேராதா என்பதுகூட அதில் ஒரு வழக்கு.

ஆனால் தாலி உறவு இல்லாத பெண்ணுக்குக் கொடுத்தால்? அது செல்லும். சேர்ந்து வாழும் பெண்ணுக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது என்று பாபினியன் என்ற சட்ட அறிஞர் தெளிவாகச் சொல்கிறார். இப்போது சீசரைப் பாருங்கள். உல்பியன் எழுதிய விதியை வைத்துப் பார்த்தால், அதே முத்தைக் கல்பூர்னியாவுக்குக் கொடுத்திருந்தால் அது சீசருடைய முத்தாகவே இருந்திருக்கும். செர்விலியாவுக்குக் கொடுத்தபோது அது உண்மையிலேயே கையை விட்டுப் போனது. ரோமின் பெரிய காதல் பரிசுகள் கல்யாணத்துக்கு வெளியே நடந்தவையாகவே நமக்குக் கிடைப்பதில் ஆண்களின் அலைச்சலுக்குப் பங்கு உண்டு, ஊர் வம்புக்கும் பங்கு உண்டு. ஆனால் சட்டமும் அந்தப் பக்கமாகவே கதவைத் திறந்து வைத்திருந்தது.

நிச்சயதார்த்தத்தில் பெண்ணுக்கு அனுப்பிய மோதிரத்தைப் பார்த்தால் இது இன்னும் உறைக்கும். ரோம எழுத்தாளர் மூத்த பிளினி தன் காலத்திலும், அதாவது கி.பி. முதல் நூற்றாண்டிலும், மணப்பெண்ணுக்கு அனுப்புவது இரும்பு மோதிரம், அதிலும் கல் பதிக்காதது என்கிறார். பொதுவாக மோதிரத்தை இடக்கையில் சுண்டுவிரலுக்கு அடுத்த விரலில் போட்டதற்கு ஔலஸ் கெல்லியஸ் என்ற எழுத்தாளர் சொல்லும் காரணம், அந்த விரலிலிருந்து ஒரு மெல்லிய நரம்பு நேராக இதயத்துக்குப் போகிறது என்று எகிப்தியர்கள் உடலை அறுத்துப் பார்த்துக் கண்டார்கள் என்பது. நரம்பு அப்படிப் போகவில்லை, ஆனால் உலகத்தில் பாதிப் பேர் இன்னும் அந்த விரலில்தான் போடுகிறார்கள். மனைவியாகப் போகிறவளுக்கு இரும்பு, காதலிக்கு 60 லட்சம்.

முத்துக்கு ரோமில் ஏன் அத்தனை மதிப்பு என்று கேட்டால், விலையுள்ள பொருள்களிலேயே முதலிடமும் உச்சியும் முத்துக்குத்தான் என்று பிளினி எழுதுகிறார். கல்லைப் பட்டை தீட்டி ஒளிரவைக்கும் இன்றைய வித்தை அவர்களிடம் இல்லை. சிப்பியைத் திறந்ததும் முழுசாக, மெருகோடு, யாரும் கைவைக்கத் தேவையில்லாமல் வருவது முத்து ஒன்றுதான். கி.மு. 61இல் பாம்பே கிழக்கை வென்று திரும்பி நடத்திய வெற்றி ஊர்வலத்தில் முத்தாலான 33 கிரீடங்களும், முழுக்க முத்தாலேயே செய்த பாம்பேயின் உருவமும் போயின. அதற்குப் பிறகே ரோமுக்கு முத்துப் பைத்தியம் பிடித்தது என்பது பிளினியின் கணிப்பு. சீசர் வாங்கியது ஏறத்தாழ இரண்டு வருடம் கழித்து, ஊரே முத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம். போட்டியாளன் ஊர்வலத்தில் காட்டியதை இவர் ஒரு பெண்ணின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார். இவருக்கும் முத்துமேல் தனி மோகம் உண்டு, பிரிட்டனுக்குப் படையெடுத்ததே முத்து ஆசையில்தான், சில சமயம் உள்ளங்கையில் வைத்தே எடை பார்ப்பார் என்றெல்லாம் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். இதே சீசர் பின்னாளில் சர்வாதிகாரியானதும், குறிப்பிட்ட சிலரைத் தவிர, குறிப்பிட்ட வயதும் நாளும் தவிர, மற்றவர் முத்து அணியக் கூடாது என்று கட்டுப்பாடும் கொண்டுவந்தார். செர்விலியா அந்தச் சிலரில் இருந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

பெண்கள் இரண்டு மூன்று முத்துகளைச் சேர்த்துக் காதில் தொங்கவிட்டார்கள், நடக்கும்போது ஒன்றோடொன்று மோதிச் சத்தம் வரும். அந்தத் தொங்கட்டானுக்குப் பெயரே குரோட்டாலியா, கையால் தட்டும் தாளக் கட்டையின் பெயர். ஏழைகள்கூட இதற்கு ஆசைப்பட்டார்கள். ஒரு பெண் தெருவில் போகும்போது முத்து அவளுக்கு முன்னால் கட்டியக்காரன் போகிற மாதிரி என்று அவர்கள் சொன்னதைப் பிளினி கோபத்தோடு குறித்து வைக்கிறார், எனக்கு அதில் கோபம் வரவில்லை. எகிப்தில் மம்மிகளின் முகத்தின்மேல் வைத்த பலகை ஓவியங்கள் உண்டு, ரோமர் ஆட்சிக் காலத்தவை. அதில் ஊர்ப் பெண்கள் இரண்டிரண்டு முத்து தொங்கும் கம்மலோடு நம்மை நேருக்கு நேர் பார்க்கிறார்கள். அந்த முகங்களுக்கு முன்னால் பிளினியின் கண்டிப்பு நிற்காது.

முத்து வியாபாரிகள் கடை வைத்திருந்தது ரோமின் புனித வீதியில். அவர்களில் ஒருவரின் கல்லறைக் கல்வெட்டு எனக்கு மனப்பாடம் மாதிரி. வழிப்போக்கனே, நின்று இடப்பக்கம் இந்த மேட்டைப் பார், இதற்குள் இருப்பது ஒரு நல்ல மனிதனின், இரக்கமுள்ளவனின், ஏழைகளை நேசித்தவனின் எலும்பு என்று தொடங்குகிறது. புனித வீதி முத்து வியாபாரி கயஸ் அட்டிலியஸ் யூஹோடஸ், செர்ரானஸ் என்பவர் விடுதலை செய்த அடிமை. கோடிகளை எடைபோட்ட கை ஒரு காலத்தில் தானே விற்கப்பட்ட கை. சீசர் யாரிடம் வாங்கினார் என்பதை எழுத மறந்த வரலாறு இவரைத் தன் கல்லிலேயே பேசவிட்டிருக்கிறது.

பணமில்லாத காதலர்களின் பக்கமும் இருக்கிறது, கவிஞர்கள் எல்லாரும் அந்தப் பக்கம்தான். புரோபெர்ஷியஸ் தன் சிந்தியா தன்னை எப்போதும் ரத்தினம் தேடிவரச் சமுத்திரத்துக்கு அனுப்புகிறாள் என்று புலம்புகிறார், மாகாணத்திலிருந்து பணத்தோடு வந்த ஒரு அதிகாரியிடம் அவளைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் எழுதிய கவிதை அது. திபுல்லஸ், பச்சை மரகதம் பொறுக்குகிறவன் நாசமாகப் போகட்டும் என்றே சாபம் கொடுக்கிறார். ஓவிட் கொஞ்சம் நிதானமானவர், பெண்களுக்கு அறிவுரை சொல்கிறார்: கருத்த இந்தியன் பச்சை நீரிலிருந்து பொறுக்கி எடுக்கும் விலைமதிப்புள்ள கற்களைக் காதில் சுமக்காதீர்கள்.

அந்த வரியில் எனக்கு எப்போதும் மூச்சு நின்றுவிடும். நூறு நூறு வரிகளில் ரோமின் காதுகளும் கழுத்துகளும் வருகின்றன, இந்த ஒரு வரியில் மட்டும் தண்ணீருக்குள் இருக்கும் ஆளின் தோல் தெரிகிறது. அவர் பாரசீக வளைகுடாவில் மூழ்கியவராகவும் இருக்கலாம், மன்னார் வளைகுடாவில் மூழ்கியவராகவும் இருக்கலாம், இரண்டிலிருந்தும் முத்து போனது. நம் பக்கத்தைப் பற்றி, முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழி பேசிய ஒரு கடல் வணிகர் எழுதிய வழிகாட்டிக் குறிப்பு நேரடியாகவே சொல்கிறது: பாண்டியன் ஆட்சியில் உள்ள கொற்கையில் முத்துக்குளிப்பு நடக்கிறது, அதைச் செய்பவர்கள் தண்டனை பெற்ற கைதிகள்.

கைதிகள். கொற்கைக்கு நான் பலமுறை போயிருக்கிறேன், கடல் அதைவிட்டுச் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது, இப்போது வயலும் வாழையும் தான். தாத்தா காலத்தில் மூழ்கியவர்கள் கைதிகள் இல்லை, ஆனால் வேலை அதேதான். காலில் கல்லைக் கட்டி இறங்குவார்கள், தோணியில் நிற்பவர் கயிற்றின் இழுப்பை வைத்தே கீழே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கயிற்றில் ஒரு சின்ன வித்தியாசம் தெரிந்தாலும் கேள்வி கேட்காமல் இழு, இதைத் தாத்தா எனக்கு வேறு எதற்கோ பாடமாகச் சொல்வார். கரைக்கு வந்த சிப்பியை ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஏலம் போடுவார்கள், வாங்கியவர் அதை அழுகவிட்டு, நாற்றத்தில் நின்று கழுவித் தேட வேண்டும். பெரும்பாலான சிப்பியில் ஒன்றும் இருக்காது. ஆணிமுத்து என்று சொல்லத்தக்கது ஒரு சலாபம் முழுக்க விரல் விட்டு எண்ணும் அளவில்தான் கிடைக்குமாம். 1961க்குப் பிறகு எங்கள் கடலில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. தாத்தா ஒரு முத்தைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

எகிப்து ரோமின் கைக்குப் போன பிறகு இந்த வழியில் போக்குவரத்து பெருகியது, செங்கடல் துறைமுகம் ஒன்றிலிருந்து மட்டும் இந்தியாவுக்கு வருடம் 120 கப்பல் கிளம்பியதாக ஸ்ட்ராபோ எழுதுகிறார். வியன்னாவில் பாதுகாக்கும் ஒரு பாப்பிரஸ் ஏட்டில், முசிறியிலிருந்து திரும்பிய ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு இருக்கிறது, இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தந்தம், கங்கைக் கரைச் சடாமாஞ்சில் தைலப்பொருள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ். ஒரு கப்பல் நிறைய. செர்விலியாவின் ஒரே முத்து 60 லட்சம். இந்தியா, சீனா, அரேபியா மூன்றும் சேர்ந்து வருடத்துக்கு 10 கோடியை நம்மிடமிருந்து உருவுகின்றன, நம் ஆடம்பரமும் நம் பெண்களும் நமக்கு வைக்கும் செலவு இது என்று பிளினி கணக்குச் சொல்லும்போது பழி முழுக்கப் பெண்கள் தலையில் விழுகிறது. கொடுத்த ஆண்கள் அந்தக் கணக்கில் இல்லை. இது அநியாயம், இரண்டாயிரம் வருடம் கழித்துப் படித்தாலும் அநியாயம்தான்.

பிளினி நேரில் பார்த்து எழுதிய ஒரு காட்சி உண்டு. லோலியா பவ்லினா, கலிகுலாவின் மனைவியாகக் கொஞ்ச நாள் இருந்தவர், ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கு வந்திருக்கிறார். தலை, கூந்தல், காது, கழுத்து, விரல் எங்கும் மரகதமும் முத்தும் மாற்றி மாற்றி. மொத்த மதிப்பு 4 கோடி. யாராவது கேட்டால் ரசீதோடு நிரூபிக்கத் தயாராக இருந்தாராம். இது பேரரசன் ஆசையில் கொடுத்தது என்றே எல்லாரும் நினைப்பார்கள். இல்லை, பாட்டன் சொத்து, கிழக்கத்திய அரசர்களிடம் கையூட்டு வாங்கி மாட்டிக்கொண்டு விஷம் குடித்துச் செத்த மார்க்கஸ் லோலியஸ் சேர்த்து வைத்தது. கலிகுலா கொடுத்ததை அல்ல, தன் வீட்டிலிருந்து வந்ததையே அணிந்தார், அதற்கு ரசீதும் வைத்திருந்தார். இதைப் பகட்டு என்று பிளினி எழுதினார். கணவன் கொடுத்தது கணவனுடையதாகவே இருக்கும் ஊரில், இது என்னுடையது என்று காட்ட ஒரு பெண்ணுக்குக் கணக்கு ஏடு தேவைப்பட்டது என்றே எனக்குப் படுகிறது. கடைசியில் கிளாடியஸின் மனைவி அக்ரிப்பினாவின் பகையில் நாடுகடத்தப்பட்டு, சொத்தில் பெரும்பகுதி பறிபோய், தற்கொலைக்குத் தள்ளப்பட்டார்.

கிளியோபாட்ரா முத்தைப் புளிக்காடியில் கரைத்துக் குடித்த கதை எல்லாருக்கும் தெரியும். ஒரே விருந்தில் 1 கோடி செலவழிப்பேன் என்று ஆன்டனியிடம் பந்தயம் கட்டி, காதிலிருந்த இரண்டில் ஒன்றைக் கரைத்தார், மிஞ்சியதைப் பிற்பாடு இரண்டாக அறுத்து ரோமின் பான்தியன் கோயிலில் வீனஸ் சிலையின் காதுகளில் மாட்டினார்கள் என்பது பிளினி சொல்வது. முத்து சுண்ணாம்புச் சேர்மம், புளிக்காடியில் கரையத்தான் செய்யும், ஆனால் முழு முத்து அப்படியே கரைய விருந்து நேரம் போதாது, நாள் கணக்காகும். இதைக் காதல் கதையாக நான் எடுத்துக்கொள்வதில்லை. அவர் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை, தன்னுடையதைத் தானே குடித்தார்.

விலையை விட்டுவிட்டு அன்பைத் தேடினால் சின்னப் பொருள்களிடம்தான் போக வேண்டும். ரோமர் காலத்துச் செதுக்குக் கற்களில் ஒரு வகை உண்டு, மோதிரத்திலும் பதக்கத்திலும் பதிப்பது. அதில் ஒரு கை, இரண்டு விரலால் ஒரு காது மடலின் கீழ் நுனியைக் கிள்ளிக்கொண்டிருக்கும், சுற்றிலும் கிரேக்க எழுத்தில் ஒரே சொல்: நினைவில் வை. காது நுனிதான் நினைவு குடியிருக்கும் இடம் என்று அவர்கள் நம்பினார்கள், இதையும் பிளினிதான் எழுதியிருக்கிறார். முத்து தொங்குவதும் அங்கேதான் என்று தோன்றியபோது அந்தக் குரோட்டாலியா சத்தம் எனக்கு வேறு மாதிரி கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் நினைவு இருக்கும் இடத்தில் யாரோ தட்டுகிறார்கள்.

இன்னொன்றைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. 2000ஆம் ஆண்டு பொம்பெயிக்கு வெளியே மொரேஜீனே என்ற இடத்தில் ஒரு பெண்ணின் எலும்புக்கூட்டோடு பாம்பு வடிவத் தங்க வளையல் ஒன்று கிடைத்தது. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது செத்தவர். வளையலில் லத்தீனில் மூன்று சொல் வெட்டியிருக்கிறது, டோமினஸ் அன்சில்லே சுவே: எஜமான், தன் அடிமைப் பெண்ணுக்கு.

காதலில் கொடுத்தது என்கிறார்கள் சிலர். உரிமையாளர் குத்திய முத்திரை என்கிறார்கள் சிலர். நான் இரண்டு பக்கமும் மாறி மாறி நின்றிருக்கிறேன். தங்கத்தில் செய்து கொடுத்திருக்கிறான், அவர் அதை விட்டுவிட்டு ஓடவில்லை, ஆக ஏதோ இருந்திருக்கிறது. ஆனால் ரோமில் அடிமையின் கையில் உள்ளதெல்லாம் எஜமானுடையதுதான், வளையலும் சரி, வளையல் போட்ட கையும் சரி. மனைவிக்குக் கொடுத்ததும் செல்லாது, அடிமைக்குக் கொடுத்ததும் செல்லாது. பெயரைக்கூட எழுதாமல், எஜமான் என்றும் அடிமை என்றும் மட்டும் எழுதிய ஒரு பரிசை அவர் எந்த மனசோடு போட்டிருந்தாரோ என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

செர்விலியாவின் முத்து எங்கே போயிற்று என்று யாரும் எழுதவில்லை. கி.மு. 44 மார்ச் 15இல் அவர் மகன் புரூட்டஸ், அவர் காதலரைக் குத்தியவர்களில் ஒருவர். சில மாதங்களில் அவர் அன்டியத்தில் மகனோடும் சிசரோவோடும் ஒரே அறையில் உட்கார்ந்து, மகனுக்குக் கொடுத்த தானியக் கொள்முதல் வேலையைச் செனட் முடிவிலிருந்து நீக்க வைக்கிறேன் என்று உறுதி சொல்லிக்கொண்டிருக்கிறார், சிசரோவின் கடிதத்தில் அது இருக்கிறது. கி.மு. 42இல் பிலிப்பியில் தோற்ற புரூட்டஸ் தற்கொலை செய்துகொண்டார். உடலைக் கண்ட ஆன்டனி தன்னிடமிருந்த மிக விலையுயர்ந்த போர்வையால் அதை மூடச் சொன்னார் என்கிறார் புளூட்டார்க். அந்தப் போர்வையை ஒருவன் திருடிவிட்டான், தெரிந்ததும் ஆன்டனி அவனைக் கொல்ல உத்தரவிட்டார். புரூட்டஸின் சாம்பலைச் செர்விலியாவுக்கு அனுப்பி வைத்தார்கள்.